சோயாவும் பாரஃபினும் கலந்து மெழுகுவர்த்தி ஊற்றுபவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் முதலில் வெறும் சோயா மெழுகில்தான், அதாவது சோயா எண்ணெயிலிருந்து வரும் மெழுகில்தான், வாசனை மெழுகுவர்த்தி செய்துகொண்டிருந்தேன். ஆறியதும் மூடியைத் திறந்தால் மணம் நன்றாக இருக்கும். ஆனால் ஏற்றி வைத்தால் மேசையைத் தாண்டாது. லாவெண்டர் மாதிரி மெல்லிய வாசனைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. வாசனை எண்ணெயைக் கூட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. மெழுகு தாங்காத எண்ணெய் மேல்பரப்பில் முத்து முத்தாகக் கசிந்து நிற்கும். எரியும்போது அது ஆபத்தும்கூட.

அதனால்தான் பாரஃபின், அதாவது பெட்ரோலிய மெழுகு, சேர்க்க ஆரம்பித்தேன். இப்போது 70 பங்கு சோயா, 30 பங்கு பாரஃபின். சுமார் 300 மி.லி. தண்ணீர் கொள்ளும் கண்ணாடிக் குவளைக்கு 140 கிராம் சோயா, 60 கிராம் பாரஃபின், 16 கிராம் வாசனை எண்ணெய் எடுக்கிறேன். எண்ணெய் என்பது மெழுகின் எடையில் 8 சதவீதம். மெழுகு தண்ணீரைவிட லேசானது, அதனால் இந்த அளவு குவளைக்குச் சரியாக இருக்கும். எல்லாவற்றையும் தராசில் எடை போட்டுத்தான் எடுப்பேன். கரண்டிக் கணக்கில் எடுத்தால் ஒவ்வொரு எண்ணெய்க்கும் எடை மாறும்.

இரண்டு மெழுகையும் ஒன்றாக உருக்கி, 80–85 டிகிரி செல்சியஸில் எண்ணெயை விட்டு இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குவேன். 65 டிகிரி வாக்கில் இறங்கியதும் ஊற்றுவேன். ஏற்றினால் மணம் அறை முழுக்கப் பரவுகிறது, சோயாவின் பால் வெள்ளையும் பெரிதாகக் குறையவில்லை. நீங்கள் என்ன விகிதத்தில் கலக்கிறீர்கள்? எதற்காக அந்த விகிதம்?

மறுமொழி

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவள். பல வருடமாகப் பாரஃபின் மட்டும்தான். மணத்துக்குக் குறையே இல்லை. ஆனால் பாரஃபின் ஆறும்போது நன்றாகச் சுருங்கும். திரியைச் சுற்றிப் பள்ளம் விழும், உள்ளே பொந்தும் இருக்கும். ஒவ்வொரு குவளைக்கும் இரண்டாவது தடவை ஊற்றி நிரப்பினால்தான் மேல்பரப்பு சமமாகும். பாதிக்குப் பாதி சோயா சேர்த்தபிறகு பள்ளம் வெகுவாகக் குறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் சின்னக் குழியைச் சூடான காற்று அடித்து மட்டப்படுத்திவிடுகிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். சோயா மட்டும் ஊற்றினால் கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், ஃப்ராஸ்டிங் என்பார்களே அது. சோயா எண்ணெய்க் கொழுப்பு மெதுவாகத் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்வதால் வருவது, நாள்பட்ட சாக்லேட்டில் வெள்ளை படர்வது போலத்தான். எரிவதற்கு அதனால் ஒரு பாதகமும் கிடையாது. கலவையில் அது குறைவாகத் தெரிகிறது, சாயம் போட்டாலும் நிறம் அழுத்தமாக வருகிறது. ஆனால் மெழுகு கண்ணாடியை விட்டு விலகி ஈரத்திட்டு மாதிரி தெரிகிறதே, அது எந்த விகிதத்திலும் எனக்கு முழுசாகப் போகவில்லை. குவளையைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிவிட்டு ஊற்றினால் குறைகிறது, அவ்வளவுதான்.

மறுமொழி

இரண்டு பேரும் திரியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே! என்னைப் பொறுத்தவரை இந்தக் கலவையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. விகிதத்தை மாற்றினால் அது வேறு மெழுகுவர்த்தி. குவளை, வாசனை, நிறம் எல்லாம் அதேதான் என்றாலும் திரியைத் திரும்பவும் சோதித்துத்தான் ஆகவேண்டும்.

உருகிய சோயா கொஞ்சம் தடித்தது. திரிவழியே சிரமப்பட்டுத்தான் ஏறும், அதனால் பெரிய திரி கேட்கும். பாரஃபின் உருகினால் நீர்த்துவிடும், சுலபமாக ஏறும். சோயாவுக்குப் பொருந்திய திரியை அப்படியே 30 சதவீதப் பாரஃபின் கலவையில் வைத்தேன். சுடர் உயர்ந்து ஆடியது, திரி நுனியில் காளான் போலக் கரி கட்டியது, குவளையின் வாய் கறுத்தது. ஓர் அளவு சிறிய திரி போட்டதும் எல்லாம் அடங்கிவிட்டது. ரொம்பச் சிறிதாகவும் போகக்கூடாது. அப்படிப் போனால் நடுவில் மட்டும் குழி பறித்து, ஓரத்து மெழுகு உருகாமல் நின்றுவிடும்.

நான் பார்ப்பது இதுதான். குவளையின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியவிடுவேன். அதற்குள் உருகிய மெழுகு ஓரம்வரை போக வேண்டும், ஆழம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். முதல் தடவை மட்டும் பார்த்தால் போதாது. குவளை பாதி காலியானபிறகு உள்ளே சூடு தேங்கும், அப்போதும் சுடர் அமைதியாக நின்றால்தான் அந்தத் திரி சரி. ஒவ்வொரு முறையும் ஏற்றும் முன் திரியை 5–6 மி.மீ. அளவுக்கு வெட்டிவிட்டுத்தான் பார்ப்பேன்.

வாசனை எண்ணெயும் இதில் தலையிடும். வெனிலா கலந்த கனமான எண்ணெய்களில் சுடர் சோம்பிப்போகும், அதே விகிதத்துக்கே ஓர் அளவு பெரிய திரி வேண்டியிருக்கும். ஆகவே மணம் வரவில்லை என்றால் உடனே பாரஃபினைக் கூட்டாதீர்கள், முதலில் திரியை மாற்றிப் பாருங்கள். உருகிய பரப்பு போதாததாலேயே மணம் எழாமல் இருக்கும்.

மறுமொழி

வெனிலா என்றதும் ஞாபகம் வந்தது. வெனிலின், அதாவது வெனிலா மணத்தைத் தரும் பொருள், உள்ள எண்ணெய் எந்த மெழுகையும் பழுப்பாக்கிவிடும். கலவையிலும் அதே கதைதான். நான் அதற்கு ஆரம்பத்திலேயே பழுப்புச் சாயம் போட்டுவிடுகிறேன்.

முதல் பதிவு போட்டவர் மறுபடி

திரி பற்றிச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. இன்றே இரண்டு குவளை வேறு வேறு திரியில் ஊற்றி வைத்திருக்கிறேன். உடனே ஏற்றப்போவதில்லை. பாரஃபின் மட்டும் என்றால் இரண்டு மூன்று நாளில் பார்க்கலாம், சோயாவுக்கு ஒன்றிரண்டு வாரம் விட்டால்தான் மணம் நிலைத்து வரும். கலவைக்கு நான் குறைந்தது ஒரு வாரம் மூடி வைப்பது வழக்கம்.

மறுமொழி

நான் செய்வதை நண்பர்களுக்கும் கொடுப்பவன். சிலர் கலவையை 'சோயா மெழுகுவர்த்தி' என்று எழுதிக் கொடுப்பதைப் பார்க்கிறேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. 20 சதவீதம் பாரஃபின் இருந்தாலும் அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதைத் தவிர்க்க நினைப்பவர்களும் உண்டு. அதே சமயம் சோயா புகையவே புகையாது என்பதும் உண்மையில்லை. திரி நீண்டிருந்தாலோ காற்றில் சுடர் அலைந்தாலோ இரண்டுமே புகையும்.

உருக்கும்போது பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் மெழுகு 100 டிகிரியைத் தாண்டாது, நேரடித் தீயில் ஏறிக்கொண்டே போகும். தப்பித் தவறிப் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். கொடுக்கும் குவளைகளில் நான் ஒரு சீட்டு ஒட்டுகிறேன்: ஒரே நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எரியவிட வேண்டாம், அடியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக மெழுகு மிஞ்சும்போதே அணைத்துவிடவும். கடைசிச் சொட்டுவரை எரித்தால் சூடு நேரே அடிக் கண்ணாடியில் இறங்கும், விரிசல் விட்டுவிடும்.