பேதிக்கு உப்புக் கரைசல் எழுதித் தந்தார்களா? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரி:

2025 மே மாதம், கத்திரி வெயில் நேரம். பையனுக்கு அப்போது 11 மாதம். காலையில் ஒரு வாந்தி, மத்தியானத்துக்குள் ஆறு தடவை தண்ணியாகப் போய்விட்டது. மாமியார் பார்த்துவிட்டு "சீர் தட்டியிருக்கு, டாக்டர்கிட்ட போனா ஊசியைப் போட்டு இன்னும் கெடுத்துடுவாங்க" என்று சொல்லி, பக்கத்து ஊரில் தொக்கம், அதாவது வயிற்றில் சிக்கியதாகச் சொல்வதை, எடுக்கிறவரிடம் கூட்டிப் போனார். அவர் வயிற்றை நீவி, தொண்டையில் ஊதி, ஏதோ ஒரு துண்டை வெளியே எடுத்துக் காட்டினார். பையன் அதுவரை தாய்ப்பாலும் குழைந்த சாதமும் தவிர வேறெதையும் வாயில் வைத்ததில்லை, அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

சாயங்காலம் ஒரு கிளினிக். இரண்டு நிமிஷம் பார்த்தார்கள், ஆன்டிபயாடிக் சிரப் ஒன்று, வாந்திக்கு ஒன்று, "பாலை ஒரு நாள் நிறுத்துங்க" என்று ஒரு உத்தரவு. ஓ.ஆர்.எஸ்., அதாவது பேதிக்குக் குடிக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல், அந்த வார்த்தையே வரவில்லை. நானாகத்தான் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாகப் போட்டிருந்த ஆப்பிள் சுவை அட்டைப் பெட்டி பானத்தை வாங்கிக் கொடுத்தேன். பையன் ஆசையாகக் குடித்தான், பேதி இன்னும் கூடியது. ராத்திரி பத்து மணிக்கு உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது, அழுகிறான் ஆனால் கண்ணீர் வரவில்லை, மத்தியானத்திலிருந்து மூத்திரமும் போகவில்லை.

அரசு மருத்துவமனையில் ராத்திரி டியூட்டியில் இருந்த நர்சம்மா வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார், மடிப்பு மெதுவாகத்தான் சமமானது. உடனே டிரிப்ஸ் ஏற்றுவார்கள் என்று நினைத்தேன். ஓ.ஆர்.எஸ். கரைத்த ஒரு டம்ளரையும் ஸ்பூனையும் என் கையில் கொடுத்தார். எடை 8 கிலோ, அதனால் 4 மணி நேரத்தில் 600 மில்லி உள்ளே போகணும், ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன், வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஆரம்பி, நடுவில் தாய்ப்பாலும் கொடு என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு என் மடியை நனைத்தான், சந்தோஷத்தில் நான் அழுதுவிட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது துத்தநாக மாத்திரை, ஜிங்க் என்கிறார்களே அது, தினம் 20 மில்லிகிராம் தாய்ப்பாலில் கரைத்து 14 நாள் கொடுக்கச் சொன்னார்கள்.

என் கேள்வி இதுதான். இவ்வளவு சின்ன விஷயத்தை முதல் கிளினிக்கில் ஏன் சொல்லவில்லை? உங்களுக்கு எப்படி?

மருந்துக்கடை அண்ணன்:

தங்கச்சி, கவுண்டருக்கு இந்தப் பக்கம் 22 வருஷமாக நிற்கிறேன், சொல்கிறேன் கேளுங்கள். சீட்டில் எழுதியிருந்தாலும் "அந்தப் பொட்டலம் வேண்டாம்ணே, மருந்து மட்டும் குடுங்க" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். சொற்ப விலைக்குக் கிடைக்கிற உப்பும் சர்க்கரையும் மருந்தா என்கிற நினைப்பு. டாக்டரும் அதையே நினைத்துக்கொள்கிறார், இவங்க இதுக்கா என்னிடம் வந்தாங்க என்று.

இது என் ஊகம் மட்டுமில்லை. கர்நாடகாவிலும் பீகாரிலும் ஒரு ஆய்வு செய்து 2024இல் சயின்ஸ் இதழில் போட்டார்கள். 253 ஊர்களில் 2,282 தனியார் மருத்துவம் பார்ப்பவர்களிடம், வீட்டில் 2 வயதுக் குழந்தைக்கு பேதி என்று அப்பா மாதிரி நடிக்க ஆள் அனுப்பினார்கள். சிலரை ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று கேட்கச் சொன்னார்கள், சிலரை ஆன்டிபயாடிக் கேட்கச் சொன்னார்கள், சிலரை ஒன்றும் சொல்லாமல் நிற்கச் சொன்னார்கள். ஓ.ஆர்.எஸ். கேட்டவர்களுக்கு அதை எழுதியது, ஒன்றும் கேட்காதவர்களைவிட 27 சதவீதப் புள்ளி கூடுதல். சரக்கு இல்லாததாலோ மருந்து விற்கிற லாபத்தாலோ எழுதாமல் போவது கொஞ்சம்தான், பெரிய காரணம் நோயாளிக்கு இது பிடிக்காது என்று வைத்தியர் தானாக நினைத்துக்கொள்வது. பிடிக்குமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அட்டைப் பெட்டி பானம் பற்றி என் மனசாட்சியும் உறுத்துகிறது, நானும் விற்றவன். உலக சுகாதார நிறுவனப் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. அந்த அளவில்தான் குடல் சர்க்கரையோடு சேர்த்து உப்பையும் தண்ணியையும் இழுத்துக்கொள்ளும். சர்க்கரை ஏறிப்போனால் எதிர்மாறாக உடம்புத் தண்ணி குடலுக்குள் வந்துவிடும், உங்கள் பையனுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் இதற்காகத் தனியாகச் சண்டை போட்டார், 2025 அக்டோபரில்தான் அந்த அளவில் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது.

இன்னொன்று. லிட்டர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணியில் கொஞ்சம் கொட்டுகிறார்கள், மீதியை மடித்து வைக்கிறார்கள். வேண்டாம். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரையுங்கள், 24 மணி நேரம் ஆனால் கீழே ஊற்றிவிட்டு புதிதாகக் கலக்குங்கள்.

மேலூர் பழைய நர்ஸ்:

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பொட்டலத்தைவிடப் பெரிய சண்டை சோற்றுக்குத்தான். நான் கிராம சுகாதார செவிலியர், மதுரை மாவட்டம். 1980இல் இங்கே ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள், உலக வங்கிப் பணம். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை மாதா மாதம் எடை போடணும், எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் சத்துணவு. எல்லோருக்கும் கொடுக்காமல் தராசைப் பார்த்துக் கொடுத்ததுதான் அதில் புதுசு. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கோபம் வரும், "என் பிள்ளைக்கு ஏன் இல்ல, நாங்க என்ன பாவம் செஞ்சோம்" என்று.

எடை குறிக்கிற அட்டையில் கோடு கீழே இறங்கியிருந்தால் நான் முதலில் கேட்பது, போன மாசம் வயித்தால போச்சா என்று. பத்தில் எட்டு பேர் ஆமாம் என்பார்கள். அப்புறம் என்ன கொடுத்தீர்கள் என்றால் "ஒண்ணும் குடுக்கலம்மா, வயித்தைக் காயப் போட்டோம்". காய்ச்சலுக்குச் செய்கிற பட்டினியை பேதிக்கும் செய்துவிடுவார்கள். நாலு நாள் பேதி, நாலு நாள் பட்டினி, பிள்ளை தேறுவதற்குள் அடுத்த பேதி வந்துவிடும். ஒரு பாட்டி, பெயர் வேண்டாம், பேத்திக்குத் தண்ணிகூடக் கொடுக்க விடவில்லை, ஊற்றினால் ஊற்றினது அப்படியே போகுதே என்று வாதாடினார். நான் அவர் வீட்டு ஓட்டைப் பானையைக் காட்டி, இதில் ஊற்றாமல் விட்டால் நிரம்புமா, போகிறதைவிடக் கூடுதலாக ஊற்றினால் நிற்குமா என்று கேட்டேன். முறைத்தார், ஆனால் கஞ்சி வைத்தார்.

வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 1980களில் வீடு வீடாகப் போய் தாய்மார்களுக்கு உப்பு வெல்லக் கரைசல் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலில் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அளந்த தண்ணி. கொஞ்ச நாள் கழித்து வேறு ஆள் போய் அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார், அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம். ஒரு பயிற்சியில் இதைக் கேட்டபோது எங்கள் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம், நம்மூரில் அப்படி வைத்தால் பாதிப் பேர் சம்பளம் வாங்கியிருக்க மாட்டோம்.

வேலூர்வாசி:

நான் நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை, பீ டப்பா தூக்கினவன். சிரிக்காதீர்கள், எங்கள் தெருவில் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயரே அதுதான். 2010 வாக்கில் வேலூர் குடியிருப்புகளில், பிள்ளைகளின் பேதியையும் வளர்ச்சியையும் பார்க்கிற மால்-எட் என்ற ஆய்வுக்குக் களப்பணியாளர். வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், பெரு, பிரேசில், தான்சானியா, தென்னாப்பிரிக்கா, அப்புறம் நம்ம வேலூர், மொத்தம் எட்டு இடம். பிறந்த பிள்ளையிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்குப் போகணும், மாதம் ஒரு முறை நீளமும் எடையும் அளக்கணும். பேதி வந்தால் மல மாதிரி எடுப்பது சரி, வராதபோதும் மாதம் ஒரு தடவை எடுக்கணும். "நல்லாத்தானே இருக்கான், எதுக்குப்பா இதை எடுத்துட்டுப் போற" என்று ஒரு அக்கா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார், எனக்கே அன்றைக்குப் பதில் தெரியவில்லை.

பதில் பிறகு வந்தது. பேதியே இல்லாத பிள்ளைகளின் குடலிலும் ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஜியார்டியா என்கிற கிருமிகள் எல்லாம் இருந்தன, அவை அதிகம் இருந்த பிள்ளைகள் உயரத்தில் பின்தங்கினார்கள். அதாவது நர்சம்மா அட்டையில் இறங்கின கோட்டுக்குக் காரணம் அம்மாவுக்குத் தெரிந்த பேதி மட்டுமில்லை, யாருக்கும் தெரியாமல் உள்ளே நடக்கிறதும்தான். சரி, கழிப்பறையும் சோப்பும் சுத்தமான தண்ணியும் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தால், 2018இல் அதைச் செய்து பார்த்த வங்கதேசம், கென்யா ஆய்வுகளின் முடிவு வந்தது. வங்கதேசத்தில் பேதி குறைந்தது, கென்யாவில் அதுவும் குறையவில்லை, உயரம் இரண்டு இடத்திலும் கூடவில்லை. கூடுதல் சத்துணவு கொடுத்த பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் வளர்ந்தார்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இத்தனை வீட்டு வாசல் ஏறி இறங்கியது இதற்குத்தானா என்று. ரோட்டா வைரஸ் பேதியைத் தடுக்கிற சொட்டு மருந்து இப்போது தமிழ்நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள், அதன் பெரிய சோதனையில் வேலூர் பிள்ளைகளும் இருந்தார்கள், அந்த ஒன்று மனசுக்கு ஆறுதல்.

நாகர்கோவில் தம்பி:

வேலூர் அண்ணனுக்கு ஒரு ஆறுதல் செய்தி. நான் சத்துணவியல் படித்தவன், டாக்காவில் மகாகாளியில் இருக்கிற காலரா மருத்துவமனையை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில், ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு ஓட்டை, கீழே வாளி. வாளியில் எவ்வளவு போனது என்று பார்த்து அவ்வளவையும் வாய் வழியாகத் திரும்பக் கொடுக்கிறார்கள், நர்சம்மாவின் ஓட்டைப் பானைக் கணக்கேதான்.

அந்த மருத்துவமனையை நடத்துகிற ஆராய்ச்சி நிறுவனத்தின் தஹ்மீத் அகமதும் அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டனும் சேர்ந்து, மெலிந்த பிள்ளைகளின் குடலில் வயசுக்கு ஏற்ற நுண்ணுயிர்கள் வளரவில்லை என்று கண்டுபிடித்து, அவற்றுக்குத் தீனி போடுகிற மாதிரி ஒரு உணவு செய்தார்கள். கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய். டாக்காவின் மீர்பூர் சேரியில் 12 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். ஒப்பிடக் கொடுத்த வழக்கமான சத்துணவில் கலோரி அதிகம், ஆனாலும் எடை நன்றாக ஏறியது இந்த வாழைக்காய்க் கூட்டத்துக்குத்தான்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எங்கள் பக்கம் ஏத்தங்காயை, நேந்திரங்காய் என்பார்களே அதை, சீவி வெயிலில் காய வைத்துப் பொடித்துக் கைப்பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுவது பழைய வழக்கம். "இதுக்கா டாக்கா வரைக்கும் போன" என்றார். அவசரப்பட்டு நம் பாட்டிகளுக்கு எல்லாம் தெரியும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், தொக்கமும் பாட்டிகள் சொன்னதுதான்.

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அந்த ஒரு வாரத்தில் பையன் 700 கிராம் இறங்கினான், அதை ஏற்ற இரண்டு மாதம் ஆனது. அங்கன்வாடி சத்துமாவை நெய் விட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தோம், ஒரு நாளில் ஒரு வேளை கூடுதலாக. போன மாதம் நாத்தனார் பெண்ணுக்கு இதே மாதிரி ஆனது, கிளினிக்கில் சீட்டு எழுதி முடித்ததும் "சார், ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும்" என்று நானே கேட்டேன். அவர் பேனாவை மூடப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓ, தருவீங்களா? நெறைய பேரு வாங்க மாட்டாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து செருப்பு போடும்போது, தொக்கமும் ஒரு எட்டு எடுத்துப் பார்த்துடலாமே என்றார்.