திறந்தவெளி மைதானத்தில் பின்வரிசைக்குப் பேச்சு இரட்டையாகக் கேட்கிறது: டிலே போட்டும் தீரவில்லை

மைதானத்துக்காரன்:
கோயில் திருவிழா மேடைக்கு ஒலி அமைப்பு பார்க்கிறேன். நேற்று பட்டிமன்றம், நாளை இன்னொரு பேச்சு நிகழ்ச்சி. நீளமான மைதானம். மேடையின் இரண்டு பக்கமும் மெயின் பாக்ஸ், அங்கிருந்து 55 மீட்டர் தள்ளி பின்வரிசைக்காக இரண்டு டிலே பாக்ஸ் (மெயின் சத்தம் அங்கே வந்து சேரும் நேரத்துக்குப் பொருந்தும்படி, சத்தத்தைத் தாமதித்து விடுபவை). டிலேயை 172 மில்லி செகண்டில் வைத்திருக்கிறேன். பின்னால் வலது பக்கம் பிரமாதம். இடது பக்கம், அதாவது ரோட்டுப் பக்கம், ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு முறை கேட்கிறதாம். நடுவர் வேறு, "என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது" என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். எங்கே பார்ப்பது?

சும்மா_ஒருவன்:
மிக்ஸரில் எக்கோவை ஆஃப் பண்ணிப் பாருங்க.

மைதானத்துக்காரன்:
எஃபெக்ட் எதுவுமே போடவில்லை நண்பரே. வெறும் பேச்சுதான்.

பழைய மைக்செட்:
தம்பி, முதலில் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம். 20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். நம் ஊர் மாலையில் 32 டிகிரி இருந்தால் கிட்டத்தட்ட 351. அப்படியென்றால் 55 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 157 மில்லி செகண்ட். நீங்கள் அதற்கு மேல் 15 சேர்த்திருக்கிறீர்கள். அது சரியான பழக்கம்தான். மேடைச் சத்தம் ஒரு நூலிழை முந்தி வந்தால், பக்கத்தில் பாக்ஸ் இருந்தாலும் பேச்சு மேடையிலிருந்து வருவதாகவே காது எடுத்துக்கொள்ளும். வலது பக்கம் நன்றாக இருப்பதே உங்கள் எண் சரி என்பதற்குச் சாட்சி. அதைத் தொடாதீர்கள்.

இப்போது ஒன்று செய்யுங்கள். டிலே பாக்ஸ் இரண்டையும் மியூட் செய்துவிட்டு, மெயினில் மெட்ரோனோம் 'டிக்' சத்தத்தை மட்டும் ஓட்டி, இடது பின்மூலையில் போய் நில்லுங்கள். அப்போதும் இரண்டு 'டிக்' கேட்கிறதா?

மைதானத்துக்காரன்:
இப்போதுதான் பார்த்தேன் அண்ணே. மியூட் செய்தும் இரண்டு கேட்கிறது! முதலில் வருவது மெலிசாக, தகரத்தில் தட்டியது போல. அடுத்து வருவதுதான் கனமாக இருக்கிறது.

பழைய மைக்செட்:
பிடித்துவிட்டோம். முதலில் வருகிற தகரச் சத்தம் உங்கள் பாக்ஸ் இல்லை. ரோட்டில் யாராவது கூம்பு ஹாரன் கட்டியிருக்கிறார்களா?

மைதானத்துக்காரன்:
ஆமாம்! விழாக் கமிட்டி சொந்தமாக ஒரு மைக் செட் வைத்து, விளக்குக் கம்பம் வரிசையாக ஹாரன் கட்டியிருக்கிறது. வீடியோக்காரருக்கு என்று கொடுத்த ரெக்கார்டிங் அவுட்டிலிருந்து யாரோ ஒரு பிரிப்பு எடுத்து அவர்கள் ஆம்ப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவே இல்லை.

பழைய மைக்செட்:
வேறெதுவும் வேண்டாம், அதுதான். கம்பியில் போகிற சிக்னல் அந்த நொடியே ஹாரனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இடது மூலை மெயினிலிருந்து 70 மீட்டர் என்றால், உங்கள் சத்தம் அங்கே வர 200 மில்லி செகண்ட் ஆகும். 15 மீட்டர் தள்ளியிருக்கும் ஹாரன் 43-லேயே வந்துவிடும். இடைவெளி 150-க்கு மேல். 50-ஐத் தாண்டினாலே பேச்சு பிரிந்து கேட்கத் தொடங்கிவிடும். ஜனங்கள் எதிரொலி என்று சொல்வது உண்மையில் உங்கள் மெயின் பாக்ஸைத்தான்.

கன்சோல் பிரியை:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஹாரனைக் கழற்றச் சொன்னால் கமிட்டியில் சண்டைதான் வரும். அதற்குப் பதில், மிக்ஸரில் தனியாக ஒரு மேட்ரிக்ஸ் அவுட் (மெயினைத் தொடாமல் தனியாகச் சரிசெய்யக்கூடிய வெளியீடு) எடுத்து, டிலே போட்டு அவர்கள் ஆம்ப்புக்குக் கொடுங்கள். ஒரே ஆம்ப்பில் ஓடும் வரிசை என்பதால் எல்லா ஹாரனுக்கும் ஒரே எண்தான் கிடைக்கும். எனவே மைதானத்துக்கு மிக அருகில் இருக்கும் ஹாரனுக்கு மட்டும் கணக்குப் போடுங்கள். மற்றதை ரோட்டைப் பார்த்துத் திருப்பிவிடச் சொல்லுங்கள். கடைக்காரர்களுக்கு இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று சொன்னால் கமிட்டியும் ஒத்துக்கொள்ளும்.

நடுவர் புகார் வேறு விஷயம். டிலே பாக்ஸின் முதுகுப் பக்கச் சத்தம் மேடைக்குத் திரும்பி வருகிறது. 172 தாமதமாகக் கிளம்பி, 157 பயணம் செய்து, அவர் பேசி மூன்றில் ஒரு நொடி கழித்து காதில் விழும். பேசுகிறவரைத் திக்க வைக்க அது போதும். கனமான சத்தம் எல்லாத் திசையிலும் பரவும், ஆகவே டிலே பாக்ஸில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பேச்சுக்கு அது தேவையும் இல்லை. பாக்ஸின் முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, சத்தத்தையும் குறையுங்கள். டிலே பாக்ஸ் ஓடுவதே தெரியக்கூடாது, மியூட் செய்தால் மட்டும் "அடடா, எங்கே போச்சு" என்று தோன்ற வேண்டும்.

மைதானத்துக்காரன்:
நன்றி அண்ணே, நன்றி மேடம். கமிட்டிச் செயலாளரிடம் பேசிவிட்டேன், கடைக்காரர் வாதம் உடனே எடுபட்டது! மேட்ரிக்ஸ் அவுட் கொடுத்து, அருகிலுள்ள ஹாரனுக்கு டிலே வைத்ததும் இடது மூலையில் ஒரே 'டிக்'தான். 200 ஹெர்ட்ஸ் வெட்டியதில் மேடையிலும் பெரிய வித்தியாசம். ஒரு சின்ன சந்தேகம்: ராத்திரி குளிர்ந்ததும் டிலேயை மாற்ற வேண்டுமா?

பழைய மைக்செட்:
32-லிருந்து 27-க்கு இறங்கினாலும் 55 மீட்டருக்கு ஒன்றரை மில்லி செகண்ட்கூட மாறாது. விட்டுவிடுங்கள். ராத்திரியில் கவனிக்க வேண்டியது கடிகாரத்தைத்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, தனி அனுமதி இல்லாமல் 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி ஓடக்கூடாது. பட்டிமன்றம் எப்போதும் இழுக்கும். போலீஸ் வந்தால் முதலில் கண்ணில் படுவது ரோட்டு ஹாரன்தான், அந்த ஆம்ப் சுவிட்ச் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி வையுங்கள்.