'கிராண்ட்' என்பதற்கு 'மானியம்' வேண்டாம்

அன்பர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ் முதியோருக்கான துண்டறிக்கை வரைவில் 'கிராண்ட்' வரும் இடமெல்லாம் 'மானியம்' என்றிருக்கிறது. மாற்றிவிடலாம். மானியம் முன்பு கோயிலுக்கும் ஊழியம் செய்தோருக்கும் விட்ட இறையிலி (வரியில்லாத) நிலம். இன்று எரிவாயு, உரம் போன்றவற்றின் விலையில் அரசு ஏற்கும் பங்கு. தென்னாப்பிரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாசா மாதந்தோறும் தருவது இரண்டுமே அல்ல.

'ஈகை', 'கொடை' பக்கமும் போக வேண்டாம். இரக்கும்போது 'ஈ' என்பது இழிந்தோன் சொல், 'தா' ஒப்போன் சொல், 'கொடு' உயர்ந்தோன் சொல் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. வறியவர்க்குத் தருவதே ஈகை என்கிறார் வள்ளுவர். பெறுபவரைத் தாழ நிறுத்தும் சொல் இங்கே பொருந்தாது. தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 27-ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பை உரிமை என்கிறது. ஆகவே 'உரிமைத்தொகை'. தமிழ்நாட்டில் 2023 முதல் மகளிர் உரிமைத் தொகை வழங்கப்படுவதால் காதுக்கும் புதிதல்ல. 60 வயதானோருக்குத் தருவது 'முதியோர் உரிமைத்தொகை'.

'கிராண்ட் இன் எய்ட்' என்பதை 'உதவி மானியம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருப்பது பெரும்பிழை. தனியாகக் கேட்டுப் பெறலாம் என்று படிப்பவர் எண்ணுவார். முதியோர், மாற்றுத்திறனாளி, முன்னாள் போர்வீரர் தொகைகளுள் ஒன்றைப் பெற்றுவருபவர், முழுநேரமும் பிறர் கவனிப்பு தேவைப்பட்டால், அதற்கு மேல் பெறுவது இது. 'துணையாள் தொகை' எனலாமா?

*

> 'துணையாள் தொகை' எனலாமா?

வேண்டாம். துணையாளே விண்ணப்பிக்க வேண்டும் என்று பொருள்பட்டுவிடும்; உரியவரோ கவனிக்கப்படுபவர். 'பராமரிப்பு இணைத்தொகை' என்றால் இன்னொன்றோடு சேர்ந்து வருவது என்பது சொல்லிலேயே விளங்கும். அரசு நிதி பெறும் இல்லங்களில் தங்கியிருப்போருக்கு இது கிடையாது. அந்த வரி சொல்லை அடுத்தே வரட்டும்.

'உரிமைத்தொகை' எனக்கு முழு உடன்பாடு. ஆனால் முதியோர் தொகைக்கு வருமான வரம்பு உண்டு என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் உரிமை என்ற சொல்லை நம்பி, தகுதியில்லாதவரும் விடியற்காலையில் வரிசையில் போய் நிற்பார்கள்.

நெருக்கடியில் இருப்போருக்குத் தற்காலிகமாகத் தருகிறார்களே, அதற்கு மட்டும் 'தொகை' ஒட்டாது. பணமாகத்தான் வரும் என்றில்லை. உணவுப் பொதியாகவும் வவுச்சராகவும் வரும். 'உதவி' இங்கேதான் நிற்க வேண்டும். 'வேளைக்கு உதவியது', 'இது எதற்கும் உதவாது' என்கிறோம். உதவுதல் என்றால் தேவைப்பட்ட நேரத்தில் பயன்படுதல். மேல்கை, கீழ்கை பேச்சு அதில் இல்லை. 'இடர்கால உதவி' என்று வைப்போம். 'நிவாரணம்' என்றால் வெள்ளம், புயல் என்று மனம் போய்விடும். வீட்டில் சம்பாதித்தவரை இழந்தவர் தமக்கில்லை என்று விட்டுவிடுவார்.

ஒவ்வொரு சொல்லும் முதன்முறை வரும்போது 'உரிமைத்தொகை, அதாவது கிராண்ட்' என்றே போடுங்கள். படிவத்தில் அவர்கள் தேட வேண்டியது ஆங்கிலப் பெயரைத்தான்.