அன்றாடப் பயணத்திற்கு ஏற்றது போர்ஷே பாக்ஸ்டரா, மாஸ்டா எம்எக்ஸ்-5 காரா?

கேள்வி:
வேலைக்குச் செல்லவும் விடுமுறையில் மலைப்பாதைகளில் ஓட்டவும் ஒரே காராகப் பழைய பாக்ஸ்டர் 986 (அதன் முதல் தலைமுறை) அல்லது எம்எக்ஸ்-5 வாங்க எண்ணுகிறேன். நம்பகத்தன்மையிலும் சொகுசிலும் எது மேல் என்று உரிமையாளர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
பாக்ஸ்டரின் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் நடுவில் அமைந்திருப்பதால் முன்னும் பின்னுமாக இரண்டு டிக்கிகள் கிடைக்கின்றன. இருவரின் பயணப் பெட்டிகள் தாராளமாக அடங்கும். ஆனால் 986 வாங்குவோர் ஐஎம்எஸ் பேரிங்கை, அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்க உதவும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்கை, அவசியம் கவனிக்க வேண்டும். அது உடைந்தால் வால்வுகளின் இயக்க ஒழுங்கு தவறி எஞ்சின் முழுவதுமே பாழாகக்கூடும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருப்பதால், கிளட்ச் மாற்றும்போதே சேர்த்து மாற்றுவது சிக்கனம். மாற்றியதற்கான ரசீது இல்லாத காரை, அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

மறுமொழி 2:
எம்எக்ஸ்-5 காரின் எளிய நான்கு சிலிண்டர் எஞ்சினை நான் முழுமையாக நம்புகிறேன். எனினும் 2015-இல் வந்த நான்காம் தலைமுறையின் டிக்கி 130 லிட்டர் மட்டுமே. நெடுஞ்சாலையில் துணிக்கூரையின் காற்றிரைச்சலும் களைப்பூட்டும். 2019 மாடலுக்கு முந்தையவற்றில் ஸ்டியரிங்கை முன்பின்னாக நகர்த்த முடியாது என்பதால், உயரமானவர்கள் உட்கார்ந்து பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

மறுமொழி 3:
முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 என்றால், கதவுக்குக் கீழுள்ள சட்டத்தில் துரு இருக்கிறதா என்று காரைத் தூக்கி நிறுத்திப் பாருங்கள்.