மறு: சூட்டில் நொதியைக் காக்கும் சேர்பொருளுக்கு ஒரு சொல்

> 'வெப்பக்காப்பி' பொருந்துமா?

வேண்டாம் ஐயா. பிரித்துப் படித்தால் சூடான காப்பிதான் நினைவுக்கு வரும். 'வெப்பக்காப்பு' ஏற்கெனவே கண்ணாடி இழை, தெர்மோகோல் பக்கம் போய்விட்ட சொல். அவை சூட்டைத் தடுப்பவை. டிரெகலோஸ் என்னும் சர்க்கரையின் கரைசலில் உள்ள நொதிக்கோ சூடு குறைவதே இல்லை, மடிந்த புரதமான அதன் மடிப்பு அவிழ்வதுதான் தள்ளிப்போகிறது.

'கவசம்', 'உறை' இரண்டும் இன்னும் மோசம். சர்க்கரையோ கிளிசராலோ புரதத்தைப் போர்த்துவதில்லை. உயிர்வேதியியலாளர் செர்ஜ் திமாஷெஃப் 1980களில் அளந்து காட்டியது நேர்மாறு: புரதப் பரப்பை ஒட்டி அவற்றின் செறிவு குறைவு, நீர் மிகுதி. புரதம் அவிழ்ந்தால் பரப்பு கூடும், சர்க்கரை விலகி நிற்கவேண்டிய இடமும் கூடும், அதற்கு ஆற்றல் செலவாகும். ஆகவே மடிந்திருப்பதே மலிவு. யூரியா பரப்பில் ஒட்டுவதால்தான் அவிழ்க்கிறது.

நிறமூட்டி, சுவையூட்டி வரிசையில் 'நிலைப்பூட்டி' என்கிறேன்.

———

> நிலைப்பூட்டி

கால்சியமும் இதில் அடங்குமா? மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதியில் அது விலகி நிற்பதில்லை, புரதத்துக்குள் தனக்குரிய இடத்தில் அமர்ந்து இறுக்குகிறது. அளவைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: கால்சியம் 1 முதல் 5 மில்லிமோலார் போதும், டிரெகலோசுக்கு 0.5 முதல் 1 மோலார் வேண்டும். 'நிலை பூட்டி' என்று பிரித்தால் கால்சியத்துக்கு இன்னும் பொருத்தம்! உட்பிரிவாக 'விலகு நிலைப்பூட்டி', 'பிணை நிலைப்பூட்டி' எனலாம்.

வரையறையில் 'செயல்திறனைக் கூட்டுவது' என்று எழுதிவிடாதீர்கள், அது முடுக்கி. நொதியைச் சேர்பொருளோடும் இல்லாமலும் 60 டிகிரியில் வைத்து, 0, 5, 10, 20, 40 நிமிடங்களில் மாதிரி எடுத்து உடனே பனிக்கட்டியில் இட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலையில், ஒரே சேர்பொருள் செறிவில் அளக்க வேண்டும். எஞ்சிய திறனின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்து, 0.693ஐச் சாய்வின் அளவால் வகுத்தால் அரையாயுள். அது நீண்டால்தான் நிலைப்பூட்டி.

பிஎச் (அமில-கார அளவு) மாறாமல் வைக்கச் சேர்க்கும் தாங்கல் கரைசலும் ஏமாற்றும். டிரிஸ் என்னும் தாங்கலை 25 டிகிரியில் பிஎச் 8.0 என வைத்தால் 65இல் சுமார் 6.9க்கு இறங்கிவிடும். பாஸ்பேட் அப்படி இறங்காது, ஆனால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மோப்ஸ் என்னும் தாங்கல் நல்லது, அதன் சரிவு டிரிஸ்ஸில் பாதிதான்.

———

உட்பிரிவுகள் உட்பட ஏற்கிறேன் அம்மா. ஒரு குறிப்பு: வரையறைக்கு எடுத்துக்காட்டாகக் குளுக்கோஸ் வேண்டாம். சூட்டில் அது புரதத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு வினைபுரிந்து பழுப்பாகும். சுக்ரோசும் அமிலத்தில் உடைந்து அதே குளுக்கோசைத் தரும். டிரெகலோசே இருக்கட்டும். இலங்கை வாசகருக்காக 'நொதியம்' என்பதையும் சேர்த்திருக்கிறேன்:

நிலைப்பூட்டி (பெயர்ச்சொல்): நொதியின் (நொதியத்தின்) மடிந்த வடிவைச் சூட்டிலும் நீடிக்கச்செய்து, அதன் அரையாயுளைக் கூட்டும் சேர்பொருள். எ.கா. டிரெகலோஸ் (விலகு), கால்சியம் (பிணை).