புதுப்பிப்பு: மகள் டிசைன் பாடத்தையே எடுத்துவிட்டாள்

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வான ஜிசிஎஸ்இக்கு கிராஃபிக்ஸா, புரொடக்ட் டிசைனா என்று மகள் குழம்பியபோது இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விசாரித்ததில் தெரிந்தது: 2017இல் வந்த பாடத்திட்டத்தில் பழைய கிராஃபிக் புராடக்ட்ஸ், புரொடக்ட் டிசைன் எல்லாம் 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' என்ற ஒரே பாடமாகிவிட்டன. போஸ்டர், எழுத்துரு பக்கம் போகிறவர்களுக்கு ஓவியப் பாடத்தின் கீழ் கிராஃபிக் கம்யூனிகேஷன் தனியாக இருக்கிறது. அவள் முதலாவதை எடுத்தாள். பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, மீதி சொந்தமாக ஒரு பொருளை வடிவமைத்துச் செய்வதற்கு. கணக்கும் உண்டு, அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

மூட்டுவலி உள்ள அம்மம்மாவுக்கு மாத்திரைப் பெட்டி செய்கிறாள். அவருடைய பெருவிரல் அகலத்தை வெர்னியரால் (நுணுக்கமாக அளக்கும் கருவி) அளந்து, அட்டையில் நான்கு மூடி வெட்டிப் பார்த்தாள். மூன்றைத் திறக்கவே முடியவில்லை. நான்காவதில் விளிம்பைக் கொஞ்சம் நீட்டியிருந்தாள். அம்மம்மா ஒரே தட்டில் திறந்துவிட்டார். அப்புறம் அதையே ஐசோமெட்ரிக்கில், அதாவது மூன்று பக்கமும் தெரியும் சாய்வுப் படமாக, வரைய இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தாள். இந்தப் பிள்ளையை இவ்வளவு ஆர்வமாக நான் பார்த்ததே இல்லை.