வெளிநாட்டு திருச்சபைக்குழு கட்டட வேலைக்கு வருது, சாப்பாடு எப்படி?

டிக்கோயாக்காரன்:
ஆகஸ்ட்ல 14 பேர் 10 நாளைக்கு வாராங்க. தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு (தாய்மார் வேலைக்குப் போகையில பிள்ளைகள விடுற இடம்) தளம் போடணும், ரெண்டு கக்கூஸ் கட்டணும். நம்ம ஆட்கள் 10 பேர். லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) அம்மாமார் சமைப்பாங்க. "அவங்களுக்குத் தனியா பாண், ஜாம், நூடுல்ஸ்"னு பாதிப்பேர், "நம்ம சாப்பாடே போதும்"னு மீதிப்பேர். வாரவங்கள்ல 3 பேர் மரக்கறி மட்டும். மெனுவ எப்படிப் போடுறது?

குசினிப்புகை:
நம்ம சாப்பாடே போடுங்க, உறைப்ப மட்டும் பிரிச்சு வைங்க. காலைக்கு ரொட்டிதான். 24 பேருக்கு கோதுமை மா 3 கிலோ, பெரிய தேங்காய் 3, உப்பு 2 மேசைக்கரண்டி. இளஞ்சூட்டுத் தண்ணிய கொஞ்சங் கொஞ்சமா விட்டுப் பிசைஞ்சு, அரை மணி மூடி வைங்க. 50 ரொட்டி வரும். கால் அங்குலத் தடிப்பு போதும். விறகு ஈரம்னு தீய பெரிசா எரிய விட்டு அவசரப்பட்டா மேல கருகி உள்ள மாவாவே நிக்கும். பழகாத வயித்துக்கு அதுதான் வில்லங்கம்.

மரக்கறிக்காரங்க விஷயத்துல கவனம், தேங்காய்ச் சம்பல்ல மாசி (காஞ்ச மீன்) இருக்கும். முதல்ல மாசி இல்லாம இடிச்சு அவங்க பங்க எடுத்து வச்சிட்டு, பிறகு மிச்சத்துல போடுங்க. அதே அம்மியில மாசிய இடிச்சிட்டு சும்மா துடைச்சா போதாது. பருப்பு (மைசூர் பருப்பு ஒன்றரைக் கிலோ) மஞ்சள், உள்ளி, தேங்காய்ப்பாலோட மட்டும் இறக்கி, செத்தல் மிளகாய்த் தாளிப்ப நம்ம சட்டியில தனியா ஊத்திக்கலாம்.

மட்டக்கோல்:
தளம் போடுற நாளுக்கு வேற கணக்கு. 20க்கு 12 அடி, 4 அங்குலம், 1:2:4 கலவைன்னா (சீமெந்து, மணல், கல்லு) 15 மூட்டை சீமெந்து போகும். கையால கலந்தா 7 மணிக்குத் தொடங்கினாலும் பகல் தாண்டும். ஆகஸ்ட்ல ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை, தார்ப்பாய் கையிலேயே இருக்கணும். எல்லாரும் ஒரே நேரத்துல சோத்துக்குப் போய் ஒரு மணித்தியாலம் நின்னா பழைய கலவையும் புதுசும் ஒட்டாது, அந்த இடத்துலதான் பிறகு வெடிக்கும். அதனால 10 மணிக்கு தேத்தண்ணியோட ரொட்டிய வேலை இடத்துக்கே கொண்டு வாங்க, ஆறு ஆறு பேரா சாப்பிடட்டும். சோறு தளம் முடிஞ்ச பிறகு.

சீமெந்துக் கையோட ரொட்டிய பிய்க்க விடாதீங்க. ஈரச் சீமெந்து தோல அரிக்கும், எரிச்சல் தெரியும்போது காயமாகி இருக்கும். பைப் வச்ச வாளி ஒண்ணும் சவர்க்காரமும் கலவைத் தட்டுக்குப் பக்கத்துலேயே இருக்கட்டும்.

டிக்கோயாக்காரன்:
பகல் சோத்த காலையிலேயே கட்டி வச்சிட்டா அம்மாமாருக்கு லேசு இல்லையா, அண்ணே?

குசினிப்புகை:
வேணாம் தம்பி. சுடுசோத்துக்கு மேல பச்சைத் தேங்காய்ச் சம்பல வச்சு லஞ்ச் சீட்ல (சோறு கட்டுற பிளாஸ்டிக் தாள்) இறுக்கிக் கட்டினா பகலுக்குள்ள புளிச்சு நூல் விடும். நம்மளுக்குப் பழக்கம், அவங்களுக்கு வயித்தால போகும். 11 மணிக்கு உலை வைங்க, 24 பேருக்கு அரிசி 4 கிலோ. கறிக்கு லீக்ஸ், போஞ்சி, கிழங்கு. கடலை போடுறதுன்னா ராத்திரியே ஊறவச்சு குக்கர்ல போடணும். நம்ம மலை உயரத்துல தண்ணி 96 பாகையிலேயே கொதிக்கும், திறந்த சட்டியில லேசுல வேகாது.

பீலிக்கரை:
சாப்பாட்ட விட தண்ணிதான் ஆள விழுத்தும். மழைக்குப் பீலித் தண்ணி (மலை ஊத்துல இருந்து குழாய்ல வாரது) கலங்கி வரும். தெளிய வச்சு, துணியில வடிச்சு, பொங்கிக் கொதிச்ச பிறகு 3 நிமிஷம் விடுங்க. பல்லு விளக்கவும், வல்லாரை கழுவவும் அந்தக் கொதிச்ச தண்ணிதான்.

பாண் வேணவே வேணாம்ங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். முதல் நாள் காலைக்கும், வயிறு சரியில்லாதவங்களுக்கும் ரெண்டு றாத்தல் கிடக்கட்டும். தேத்தண்ணிக்கு சீனிய தனியா வைங்க, நம்ம அளவுக்குப் போட்டுக் கலக்கினா பாதிப்பேர் குடிக்காமலே வைப்பாங்க.